தர்மபுரியில ஏத்தி மாட்டுத்தாவணியில எறக்குன அடை முட்டை

வெளியூர்ல இருந்து அடை வச்சு குஞ்சு பொரிக்க முட்டை வரவழைக்கப் போறேன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது "உடையாம வருமா"ன்னு தான். உடையாம கொண்டு வர்றது அம்புட்டு கஷ்டம் இல்லங்க. கொஞ்சம் பொறுமையா பேக் பண்ணுனா வந்துரும். ஓடு முழுசா இருந்தும் உள்ள கரு செத்துப் போயி வர்றது தான் உண்மையான பிரச்சனை, அது வெளிய பாத்தா தெரியவே தெரியாது, அடைக்கு வச்சு நாள் கணக்கா காத்துக் கெடந்தப்புறம் தான் வெளங்கும். குலுக்கல், வெக்கை, நாள் கடந்து போறது, இந்த மூணும் தான் முட்டைய உள்ளுக்குள்ள காலி பண்ணுது. நான் இதுல பட்டதையும் தெரிஞ்சுக்கிட்டதையும் எழுதுறேன், நாட்டுக்கோழி வளக்குறவங்களுக்கு உதவும்.

எதுக்கு தர்மபுரில இருந்துன்னா, எங்க மதுரை மாவட்டம் பேரையூர் பக்கம் இப்ப சுத்தமான சிறுவிடை நாட்டுக்கோழி கெடைக்கிறது ரொம்ப அரிதாயிருச்சு. வனராஜா, கிராமப்ரியான்னு புது ரகக் கோழி எல்லாம் ஊருக்குள்ள வந்து, சேவல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து, பாக்க நாட்டுக்கோழி மாதிரி இருக்கும் ஆனா அடைக்கு உக்காராது, உக்காந்தாலும் பாதில எந்திரிச்சுப் போயிரும். அந்தக் கோழிகளை குத்தம் சொல்லல, முட்டைக்குன்னு வளக்குறவங்களுக்கு அது நல்ல கோழி தான். ஆனா தானே மேய்ஞ்சு, தானே அடை உக்காந்து, பருந்து வந்தா குஞ்சுகளை றெக்கைக்குள்ள இழுத்துக்கிற அந்தச் சின்ன உடம்புக் கோழி எனக்கு வேணும், எங்க அப்பத்தா வீட்டுல நான் பாத்து வளந்த கோழி அது. கோழியாவே வாங்கிட்டு வரலாம்ல எனக் கேப்பாங்க. வளந்த கோழிய அம்புட்டு தூரம் கொண்டு வந்தா அலண்டு போகும், ராணிக்கெட் மாதிரி சீக்கையும் கூட்டிட்டு வந்துரும். முட்டையில அந்த ஆபத்து கொறைவு, ஆனா அறவே இல்லைன்னு சொல்ல முடியாது, சால்மோனெல்லா, மைக்கோபிளாஸ்மா மாதிரி கிருமி எல்லாம் தாய்க்கோழி கிட்ட இருந்து முட்டை வழியாவே வரும். அதனால அனுப்புறவரு பண்ணையில அண்மையில கழிச்சல், சளி ஏதும் வந்துச்சான்னு வெக்கப்படாம கேட்றணும்.

எனக்குக் குடுத்தவரு தர்மபுரி பக்கம் ஒரு பெரியவரு, நாட்டுக்கோழிலயே ஊறுனவரு. போன்ல பேசும்போதே "தம்பி, உடனே அனுப்ப மாட்டேன், மூணு வாரம் பொறு"ன்னுட்டாரு. ஏன்ணேன்னு கேட்டா, வேற சேவல் ஒண்ணு அந்தப் பொட்டைக்கோழிகளோட மேஞ்சிருக்கு, சேவலைப் பிரிச்சதுக்கு அப்புறமும் அதோட விந்து கோழி உடம்புக்குள்ள ரெண்டு மூணு வாரம் வரைக்கும் தங்கி முட்டைய கரு கூட்டும், அது போனப்புறம் எடுக்குற முட்டை தான் நீ கேக்குற சேவலுக்குப் பொறந்ததுன்னு சொல்ல முடியும்னாரு. எனக்கு அந்த ஒரு பேச்சுலயே அவரு மேல நம்பிக்கை வந்துருச்சு. காசை வாங்கிட்டு மறுநாளே அனுப்புறேன்னு சொல்றவங்க கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க.

இன்னொரு விசயம், நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை தான் இடும், இட்டு முடிச்சுட்டு அடைக்கு உக்காந்துரும். நாமக்கல் லேயர் கோழி கணக்கா தெனம் வராது. அதனால ஒரே கோழி முட்டைய சேத்து வச்சு அனுப்புனா மொத முட்டை ரெண்டு வாரம் பழசாயிரும். அடைக்கு வைக்கிற முட்டை 7 நாளைக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போகப் போக பொரிக்கிறது கொறஞ்சுக்கிட்டே வரும். அவரு பல கோழிகள்ட்ட இருந்து அந்த வாரத்து முட்டையா மட்டும் சேத்தாரு, ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல தேதி போட்டாரு. ஸ்கெட்ச் பேனா வேணாம், மை ஓட்டுல இருக்குற துளை வழியா உள்ள எறங்கும். அனுப்புற வரைக்கும் முட்டைய வச்சிருந்தது ஃபிரிட்ஜுல இல்ல, ஈர மணல்ல புதைச்ச மண்பானையில. ஃபிரிட்ஜு அதுக்கு ரொம்ப குளிர், வெளிய வச்சா வெக்கை. சுமார் 20, 21 டிகிரிக்குக் கீழ இருந்தா கரு அப்படியே தூங்கும், அதுக்கு மேல சூடு ஏற ஏற அரையும் கொறையுமா வளர ஆரம்பிச்சு, அடைச்சூடு கெடைக்காம செத்துரும். நம்ம மதுரை சித்திரை வெயில்ல பார்சல் ஒரு பகல் முழுக்க குடோன்ல கெடந்தா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சுக்கங்க.

கருக்கூடியிருக்கான்னு அவரு ஒரு முட்டைய உடைச்சு போட்டோவும் அனுப்புனாரு. மஞ்சக்கரு மேல வெள்ளையா ஒரு புள்ளி இருக்கும்ல, சேவல் கூடாத முட்டையில அது சின்னதா, கெட்டியா, ஓரம் ஒழுங்கில்லாம இருக்கும். கூடுன முட்டையில வட்டத்துக்குள்ள வட்டமா வளையம் போட்டாப்புல தெளிவா தெரியும். முட்டைய ஒடைக்காம வெளிய இருந்து இதை பாக்குறதுக்கு வழி இல்ல, அதனால ஒண்ணை இழந்தாலும் பரவால்ல, கேட்டு வாங்குங்க.

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் கிட்ட இருந்து ஒரு கொரியர்ல வரவழைச்சிருந்தேன். பெட்டி மேல "உடையக்கூடியது"ன்னு பெருசா எழுதியிருந்தும் ஒரு பயனும் இல்ல, ஊர் ஊரா எறக்கி ஏத்தி, நடுவுல ஞாயித்துக்கெழமை வேற வந்து, கைக்கு வர நாளாயிருச்சு. உடைஞ்சது கொஞ்சம் தான். ஆனா இருட்டு ரூம்ல போன் டார்ச்சை முட்டையோட மொண்ணைப் பக்கத்துல வச்சுப் பாத்தா, அங்க ஒரு எடத்துல நிலையா நிக்க வேண்டிய காத்துப்பை, முட்டைய லேசா சாச்சா போதும், கொத்தனார் ரசமட்டத்துல குமிழி ஓடுறாப்ல அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. குலுங்கி குலுங்கி உள்சவ்வு பிரிஞ்சு போன முட்டை அது. அந்த லாட்டுல பெரும்பாலும் கூமுட்டையா தான் போச்சு.

அதனால இந்த தடவை பெங்களூர்ல இருந்து ஓசூர், தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியா மதுரை வர்ற ராத்திரி பஸ். சாயங்காலம் பேக் பண்ணி ராத்திரி ஏத்துனா விடியக்காலம் நம்ம கையில இருக்கும், வெயிலே படாது, நடுவுல எறக்கி ஏத்துற வேலையும் இல்ல.

பேக்கிங் தான் அவரு கிட்ட நான் ரசிச்சுப் பாத்தது, வீடியோ கால்ல காட்டிக்கிட்டே செஞ்சாரு. ரெண்டு ரெண்டு முட்டையா எடுத்து ஒண்ணோட ஒண்ணு லேசா தட்டிப் பாப்பாரு, நல்ல முட்டைன்னா கணீர்னு கேக்கும், மயிர்க்கீறல் இருந்தா சத்தம் மொட்டையா வரும், அதை ஒதுக்கிருவாரு. அழுக்கு முட்டைய கழுவி அனுப்புறது கெடையாது, ஓட்டு மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்கு, கழுவுனா அது போயி கிருமி உள்ள போக கதவைத் தெறந்து விட்ட மாதிரி ஆயிரும், சுத்தமான முட்டைய மட்டும் எடுப்பாரு. அப்புறம் முட்டை அட்டை. கடையில கெடைக்கிற 30 குழி அட்டை லேயர் முட்டை சைசுக்கு செஞ்சது, சிறுவிடை முட்டை சின்னது, அதுல வச்சா லொட லொடன்னு ஆடும். அதனால ஒவ்வொரு முட்டையையும் பபுள் ரேப்புல ஒரு சுத்து சுத்தி, ரெண்டு நுனியும் காத்து போக விட்டு, கூர் பக்கம் கீழ இருக்குற மாதிரி குழியில இறுக்கமா உக்கார வச்சாரு. அந்த அட்டைய ஒரு பெட்டியில போட்டு, அந்தப் பெட்டிய இன்னொரு பெரிய பெட்டிக்குள்ள வச்சு, நடுவுல சுத்தியும் அடியிலயும் காஞ்ச உமி. பெட்டிய ஆட்டிப் பாத்தா உள்ள சத்தமே வரக்கூடாது. பக்கத்துல நாலஞ்சு ஓட்டை, முட்டையும் மூச்சு விடுதுல்ல, டேப்பைப் போட்டு முழுசா மூடிறக் கூடாது.

பஸ்ல எங்க வைக்கிறாங்கங்கறது பேக்கிங் அளவுக்கு முக்கியம். பின் சக்கரத்துக்கு மேல குலுக்கல் ஜாஸ்தி, எஞ்சின் பக்கம் சூடு. பெரியவரே பஸ் வர்ற வரைக்கும் நின்னு, டிரைவர் கிட்ட "அண்ணே, உசுரு இருக்குற முட்டை, நடுவுல ஓரமா வச்சுருங்க, மேல எதையும் ஏத்திறாதீங்க"ன்னு சொல்லி கையில காசும் குடுத்து, பஸ் நம்பரையும் டிரைவர் நம்பரையும் எனக்கு அனுப்பிட்டு தான் வீட்டுக்குப் போனாரு.

விடியுறதுக்கு முன்னாடியே மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுட்டேன். பெட்டிய வாங்கி பைக்ல வைக்காதீங்க தயவுசெஞ்சு, ராத்திரி முழுக்க ஆடாம வந்தது நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர்ல ஆடிரும். நான் டவுன்பஸ்ல மடியில வச்சு திருமங்கலம் வந்து அங்க இருந்து எங்க ஊரு பஸ் புடிச்சேன்.

வந்த ஒடனே தெறக்கல. குளுமையில இருந்த முட்டைய சட்டுன்னு சூடான ரூம்ல எடுத்தா மேல வேர்க்கும், அந்த ஈரத்துல கிருமி துளை வழியா உள்ள போயிரும். பெட்டி ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் முட்டைய மெதுவா எடுத்து, கூர் பக்கம் கீழ இருக்க, அட்டையில ஒரு முழு நாள் அசையாம வச்சேன். இந்த ஒரு நாளை தான் நெறைய பேரு விட்றாங்க, ஆசையா வாங்குன முட்டைய நேரா குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் மெஷின்ல வச்சுர்றாங்க. காத்துப்பை எடத்துல வந்து நிக்க அவகாசம் குடுக்கணும். மறுநாள் டார்ச் அடிச்சா பெரும்பாலும் நிலையா இருந்துச்சு, ஆடுறது கொஞ்சம், அதை தனியா குறி போட்டுக்கிட்டேன்.

நிலையான முட்டையில ஒரு பங்கு அப்பத்தாவோட அடைக்கோழிக்கு. அப்பத்தா பொழுது சாய்ஞ்சப்புறம் தான் வச்சாங்க, ராத்திரில வச்சா கோழி மெரளாம உக்காரும்னு. கூடையில மணலும் வைக்கோலும் பரத்தி, ஓரத்துல ஒரு கரித்துண்டும் இரும்பும் போட்டாங்க, இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கவாம், அவங்க மனசுக்கு அது இருக்கணும். மிச்சம் இன்குபேட்டர்ல. ஃபேன் வச்ச மெஷின், 37.5 டிகிரி, ஈரப்பதம் 50, 55 சதவீதம். ஆடுற காத்துப்பை முட்டைகளை மொத சில நாள் திருப்பவே இல்ல, நிமிந்த வாக்குலயே வச்சிருந்து அப்புறம் லேசா சாய்ச்சு சாய்ச்சு வச்சேன். 18ஆம் நாள் திருப்புறதை நிறுத்தி ஈரப்பதத்தை 65, 70க்கு ஏத்தணும், அதுக்கப்புறம் மூடிய தெறக்காதீங்க, என்ன சத்தம் கேட்டாலும் சரி.

7ஆம் நாள் டார்ச்ல பாத்தப்ப செலந்தி வலை கணக்கா செவப்பு நரம்பு ஓடியிருந்துச்சு, நடுவுல கரும்புள்ளி துடிக்குது. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன். கடைசில பாதிக்கு மேல பொரிச்சுச்சு, பயணம் பண்ணி வந்த முட்டைக்கு அது நல்ல ரிசல்ட். ஆடுன காத்துப்பை முட்டையிலயும் சிலது பொரிச்சது தான் எனக்கு ரொம்ப சந்தோசம், அதைத் தூக்கிப் போட்றாதீங்க. குஞ்சு மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு தான் வெளிய வருது, ரெண்டு நாள் தீனி இல்லாம தாங்கும், அதனால நல்லா காயுற வரைக்கும் மெஷின்லயே விடலாம். குஞ்சு பொரிச்ச 7ஆம் நாள் ராணிக்கெட்டுக்கான லசோட்டா சொட்டு மருந்து போட்ருங்க. வந்த அட்டை, உமி எல்லாத்தையும் கொளுத்திட்டேன், வெளிப்பண்ணை அட்டைய நம்ம கூண்டுப் பக்கம் வச்சுக்கக் கூடாது.

வரவழைக்கிறதா இருந்தா ஐப்பசி மழை ஓஞ்சு கார்த்திகை, மார்கழி, அப்புறம் தை கடைசி. பொங்கல் வாரம் மட்டும் வேணாம், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு ஊரே கெளம்பி வர்ற நேரம், பஸ்ல பார்சலை எங்க திணிப்பாங்கன்னே தெரியாது. பங்குனி பொறந்துட்டா நான் யார்கிட்டயும் கேக்குறது இல்ல. பெரியவரு கிட்ட அடுத்த ஈட்டுக்கு வேற சேவல் வழி முட்டை சொல்லி வச்சிருக்கேன், கார்த்திகையில அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு.