மருந்து அடிச்ச சட்டை

ரெண்டு வருஷம் முன்னாடி தை மாசம், பண்ருட்டி பக்கம் எங்க முந்திரிக் கொல்லை பூ எடுத்துருந்த நேரம். அப்பா விடிகாலைல பவர் ஸ்ப்ரேயர்ல மருந்து அடிக்கப் போயிட்டு பத்து மணி வாக்குல வந்தார், சட்டையைக் கழட்டி திண்ணையில போட்டுட்டு கை கால் கழுவப் போயிட்டார், அக்கா பையன், மூணு வயசு, அதை எடுத்து தலையில போட்டுகிட்டு விளையாடிட்டு இருக்கான். பிடுங்கி எறிஞ்சுட்டு அவனை சோப்பு போட்டு குளிப்பாட்டினேன். நல்லவேளை ஒண்ணும் ஆகல. ஆனா எத்தனை வருஷமா அம்மா அந்த சட்டையை எங்க ஸ்கூல் யூனிபார்மோட ஒரே வாளியில ஊற வச்சிருக்காங்கன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

முந்திரிக்கு தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி பெரிய தொல்லை, தளிரைக் கருக்கிடும், அதனால தளிருக்கு ஒண்ணு, பூவுக்கு ஒண்ணு, பிஞ்சுக்கு ஒண்ணுன்னு அடிப்போம். நெல்லுக்கு மாதிரி இல்ல, இதுக்கு அண்ணாந்து அடிக்கணும், பாதி நம்ம மேலயே கொட்டும். மூக்குல துண்டு கட்டிட்டா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா அடிக்கிறவங்க உடம்புக்குள்ள விஷம் பெரும்பாலும் போறது தோல் வழியாதான், நனைஞ்ச சட்டை அதை உடம்போட ஒட்டியே வச்சிருக்கும். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து நரம்பைத்தான் பிடிக்கும். வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், குமட்டும், கண்ணு மங்கும். எங்க ஊர்ல இதுக்கு வெயில்னு பேர் வச்சு மோர் குடிச்சுட்டுப் படுத்துடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் படுக்காதீங்க, மருந்து டப்பாவையும் எடுத்துகிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, என்ன மருந்துன்னு தெரிஞ்சாதான் டாக்டருக்கு வசதி.

கேரளாவுல காசர்கோட்டுல பூச்சி மருந்தால நடந்த கொடுமையும் முந்திரித் தோட்டத்துலதான். 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல எண்டோசல்ஃபான்ங்கிற பூச்சி மருந்தைத் தெளிச்சாங்க, 2011ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, அதுக்குள்ள எத்தனை குடும்பம் நாசமாச்சு. நம்ம கடலூர்லயே குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்க 2004லயே சிப்காட் தொழிற்பேட்டைப் புகை கலந்த காத்தை வாளி வச்சு சாம்பிள் பிடிச்சு டெஸ்டுக்கு அனுப்பினவங்க. அந்தப் புகையை நிறுத்த கம்பெனியோடயும் கவர்மெண்டோடயும் மோதணும். எங்க கொல்லை மருந்துக்கு நாங்க தெருவுல பேசினாலே பாதி முடிஞ்சுடும்னு தோணுச்சு.

பேசினோம். அடிக்கிறதுக்கு முதல் நாளே வாட்ஸப் குரூப்ல போட்டுடணும், குடத்தை மூடணும், வடகம் துணி காயப் போடக்கூடாது, புள்ளைங்க வீட்டுக்குள்ள. காத்து ஊர்ப்பக்கம் அடிச்சா அன்னைக்கு அடிக்கிறதில்ல. இதுக்கு ஒரு பெரியப்பா ரொம்ப சண்டை போட்டார், ஆள் கூலி வீணாப் போகுதுன்னு, அதுவும் நியாயம்தான், இப்ப அந்த ஆளுங்களுக்கு அன்னைக்கு களை வேலை குடுக்குறாங்க. அப்பாவுக்கு தனி முழுக்கை சட்டை, தனி வாளி, பம்ப்செட்லயே குளிச்சுட்டுதான் வீட்டுக்கு வர்றார். காலி மருந்து டப்பால எண்ணெய் ஊத்தி வைக்கிறதை அம்மா விட்டுட்டாங்க, இதுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு.

இன்னும் கூலிக்கு அடிக்க வர்ற அண்ணனுங்க விஷயம் அப்படியேதான் இருக்கு. இன்னைக்கு ஒரு கொல்லை நாளைக்கு இன்னொரு கொல்லைன்னு சீசன் முழுக்க அதே ஒரு சட்டை. எங்க கொல்லைக்கு வர்றவங்களுக்கு ரெண்டு சட்டை, கையுறை வாங்கி பம்ப்செட்ல வச்சிருக்கேன். மத்த கொல்லைக்காரங்ககிட்ட இந்தத் தைக்கு முன்னாடி பேசணும்.