ஊழியத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கு

கோத்தகிரி வட்டாரத் தேயிலைத் தோட்டச் சபைகளில் ஆயராகப் பணிசெய்யும் என்னிடம், இறையியல் படிக்க விரும்பும் வாலிபர்கள் ஆண்டுதோறும் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். எந்தக் கல்லூரி, எத்தனை வருடப் படிப்பு, பிரசங்கம் பண்ண எப்போது அனுமதிப்பார்கள் என்பவையே பெரும்பாலும் அவர்களுடைய கேள்விகள். ஒருவருடைய அழைப்பு மெய்யானதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் ஆயத்தம் என்பதைப் பட்டப்படிப்பின் அளவுக்கு அவர்கள் சுருக்கிக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. தான் எந்த மக்களிடத்துக்கு அனுப்பப்படுகிறானோ அவர்களை அறிந்துகொள்வதற்கே ஓர் ஊழியன் முதலாவது ஆயத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் இறையியல் பட்டத்துக்காகப் படிக்கிறவர்கள், வேதாகமத்தின் மூலமொழிகளையும் சபைச் சரித்திரத்தையும் ஒழுங்காகக் கற்க வாய்ப்புப் பெறுகிறார்கள். அந்த வருடங்களை அலட்சியமாகக் கழித்தவர்கள் பின்பு பல ஆண்டுகளுக்கு ஒரே பத்துப் பிரசங்கங்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. எஸ்றா 7:10-ஐப் பாருங்கள். வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், அதன் பின்பே உபதேசிக்கவும் எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தினான் என்று அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று ஆராய்ச்சியிலிருந்து நேரே உபதேசத்துக்குத் தாவுகிறவர்களே அதிகம்.

நம் நீலகிரியின் மிஷன் சரித்திரம் இதைப் பற்றி நிறையவே கற்பிக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதியாகிய ஜார்ஜ் கசமேஜர் கேத்தியில் கொடுத்த ஆதரவோடு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன் 1846-இல் இந்த மலையில் வேலையைத் தொடங்கியது. படகர் நடுவிலிருந்து முதல் ஞானஸ்நானம் நடந்ததோ 1858-இல்தான். இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு வருடங்களை வீண் என்று எண்ணுகிறவர்கள் ஊழியத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றே சொல்வேன். அந்தக் காலத்தவரான மெட்ஸ் என்ற மிஷனரி, ஹட்டி என்று சொல்லப்படும் படகர் ஊர்களில் ஊர் ஊராக நடந்து, படகரோடு அவர்களுடைய மொழியிலேயே பேசிப் பழகினார்; தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரையும் தேடிச் சென்று, அவர்கள் வாழும் விதத்தைக் கவனித்து ஒரு நூலும் எழுதினார். அந்த மக்களுடைய வழிபாட்டைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில தீர்ப்புகள் கடுமையானவை, அவற்றை இன்று நாம் அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் அந்த நடையையும் கேட்கும் பொறுமையையும் நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் கேட்கும் ஒரு கமிட்டியாக இருந்தால், அந்த வேலையை ஐந்தாம் வருடத்திலேயே நிறுத்தியிருக்கும்.

இன்று இங்கே அறிய வேண்டிய மக்களில் பலர் தோட்டத் தொழிலாளர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறந்த ஊரை விட்டுத் தாங்கள் கண்டிராத ஊருக்கு "திரும்பி" வந்தவர்களிடம் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையாகிய யாத்திராகமத்தைப் பிரசங்கிக்கப் போகிறவர், அவர்கள் வந்த கதையை முன்பே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டாமா? வாக்குத்தத்த தேசம் என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்பதை எந்த விளக்கவுரையும் சொல்லித் தராது.

ஆகையால் வீடு சந்திப்பு மிக முக்கியமானது. பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் அடுப்பை மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து, சற்று உட்காரும் நேரத்தில்தான் அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போக முடியும். அதற்குள் இருட்டிவிடும், காட்டெருமையும் சில இடங்களில் யானையும் பாதையில் நிற்கும். எனவே உள்ளூர் உபதேசியாரோ சபை மூப்பரோ இல்லாமல் தனியே போக வேண்டாம். போன வீட்டில் நீண்ட ஜெபத்தைவிட நீண்ட மௌனம் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தலையைக் காட்டும் ஆயரிடம், மகன் குடிக்கு அடிமையானதை எந்தத் தாய் சொல்வாள்? அப்படிச் சொல்லப்பட்டதை வீட்டில் மனைவியிடமும் சொல்லாதிருக்கும் கட்டுப்பாட்டை, ஆயராக அருட்பொழிவு பெறுவதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணிக்கையை ஆயர் தனியாக எண்ணக்கூடாது. இருவர் எண்ணி, அன்றே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒருவனுடைய வெள்ளியையாகிலும் பொன்னையாகிலும் தான் இச்சிக்கவில்லை என்று எபேசு மூப்பர்களிடம் பவுல் வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததைப் போல நாமும் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு வருடம், ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியாகிய உங்கள் குருசேகரத்தின் மிகச் சிறிய கிளைச் சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்துங்கள் என்று தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் 1976 முதல் ஆயர்களாக அருட்பொழிவு பெற்று வருவதால், இதைத் தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மாலையில் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போங்கள். படுக்கையில் இருக்கும் முதியோரின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆயராகி, இடமாற்றம் வந்து அந்தச் சபையை விட்டுப் போகும்போது, சாவியையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஒப்படைப்பதோடு, வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோக வேண்டியவர்கள் யார் யார் என்ற பட்டியலையும் அடுத்து வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.