டாஷ்போர்டில் உதித்த சூரியன்

அலுவலக நண்பரின் புதுக் காரில் ஒருநாள் லிஃப்ட் கேட்டு ஏறியதுதான் தப்பு. டாஷ்போர்டின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை, தலை சீவிக்கொள்ளலாம் போல மின்னியது. "பியானோ பிளாக்" என்றார். இறங்கி வந்து என் 2011 மாடலில் உட்கார்ந்தால் எதிரே சாம்பல் பூத்த யானைத்தோல். என் டாஷ்போர்டையும் அப்படி மின்ன வைத்துவிடுவது என்று அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பாய்க்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். உப்புத்தாள், பட்டி, பிரைமர், கறுப்பு ஸ்ப்ரே, அதன்மேல் பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், "மேல்பக்கமுமா சார்?" என்றார். "முழுசும்" என்றேன். பில் போடும்போது இன்னொரு தடவை கேட்டார், "மேல்பக்கமுமா?" நல்ல வியாபாரி. அதற்குமேல் கேட்கவில்லை.

அல்சூரில் எங்கள் தெருமுனை மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்ற 700 ரூபாய் கேட்டார், திரும்ப மாட்ட 1,200. அந்த வித்தியாசத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். (என் காரில் ஏர்பேக் கிடையாது. இருக்கிறவர்கள் அதன் மூடியில் பட்டி, பெயின்ட் என்று கை வைக்காதீர்கள். அது சரியான நேரத்தில் கிழிந்து திறக்க வேண்டிய இடம்.)

மொட்டை மாடியில் தேய்க்க ஆரம்பித்தேன். 180 எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைஸ்) ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தும் மேடுகள்தான் போயின, பள்ளங்கள் அப்படியே இருந்தன. பள்ளம் போகும்வரை தேய்த்தால் பிளாஸ்டிக்கே ஓட்டையாகிவிடும். அதனால் பட்டி பூசிப் பள்ளத்தை அடைத்து, காய்ந்ததும் 400, அப்புறம் தண்ணீர் தொட்டு 800. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மாடியில் கண்ணை மூடிக்கொண்டு டாஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தவனைத் துணி காயப்போட வந்த மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

மூன்றாம் ஞாயிறு பெயின்ட். அடித்த மறுகணமே பெயின்ட் ஒதுங்கி, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் விட்டதுபோல வட்ட வட்டமாகப் பிரிந்து நின்றது. பாயிடம் போன் போட்டேன். "டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போடுவீங்களா?" வாராவாரம் போடுவேனே, பத்து வருஷமாக! அதிலிருக்கும் சிலிகான் எங்காவது துளி ஒட்டியிருந்தாலும் பெயின்ட் பிடிக்காதாம். தேய்ப்பதற்கு முன்பே சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹால் வைத்துத் துடைத்திருக்க வேண்டும். நானோ அதைத் துடைக்காமல் உப்புத்தாளால் எல்லா இடத்துக்கும் பரப்பியிருக்கிறேன். மறுபடி 400-லிருந்து.

நான்காம் ஞாயிறு கிளியர் கோட் ஏறியது. மாலை நாலு மணிக்கு பெங்களூர் மழை வழக்கம்போலச் சொல்லாமல் வந்தது. ஈரம் பட்டால் வெளுத்துவிடும். எதிர்வீட்டுக் கன்னடக்காரரைக் கூப்பிட, இரண்டு பேருமாக ஓரத்தை மட்டும் பிடித்து, சப்பரம் தூக்குவதுபோலப் படியில் இறக்கினோம். "ஏனு சார் இது, பியானோவா?" என்றார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியபோது, வலது ஓரத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இறக்கை மடங்காமல், ஆறு காலும் எண்ணிப் பார்க்கும்படி உறைந்துவிட்டது.

காய்ந்தபின் 2000-ஆம் எண் தாள், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். கண்ணாடிதான் போங்கள். மாட்டி, பிள்ளையாரை அவர் இடத்தில் ஒட்டி, காலை ஏழு மணிக்கு ஓசூருக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறியதும் வெயில் நேர் எதிரே. மேலே ஒரு சூரியன். டாஷ்போர்டில் அச்சு அசலாக இன்னொன்று, நேராக என் கண்ணுக்குள். மேலிருப்பதை மறைக்கத் தகடு உண்டு, இறக்கிவிட்டேன். கீழிருப்பதை எதைக்கொண்டு மறைப்பது? பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தவும் முடியாது.

"ரெண்டு சூரியன் ஆச்சு. இன்னும் ஏழு கிரகம்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே மனைவி துப்பட்டாவைக் கழற்றி டாஷ்போர்டின்மேல் விரித்தாள். பிள்ளையார் தலையில் முக்காட்டோடு ஓசூர் போய்ச் சேர்ந்தார். திரும்பும்போது உச்சி வெயில். துப்பட்டா கொஞ்சம் விலகினாலும் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒரு படலம் ஆடியது. கார் கம்பெனிக்காரன் ஏன் மேல்பக்கத்தைச் சொரசொரவென்று, மங்கலாக விட்டான் என்பது எனக்கு விளங்க நாலு ஞாயிறும் ஒரு மேம்பாலமும் ஆகியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஜே.சி. ரோட்டில் என்னைப் பார்த்ததுமே பாய் மேட் கிளியர் கோட் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

"மேல்பக்கம் மட்டும்தானே சார்?"

மெக்கானிக்குக்கு மறுபடி 700-உம் 1,200-உம். 800 போட்டுத் தேய்த்து, மேட் அடித்து, மேல்பக்கம் பழையபடி மங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கொசு மட்டும் வரவில்லை. இப்போது அதுவும் மேட்.