ஒரே மரபணு, இரண்டு உடல்கள்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 4

ஆண் பழ ஈ துணை தேடும் காணொளி ஒன்றை இன்று மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முதலில் பெண் ஈயின் பின்னாலேயே நகர்கிறது. முன்காலால் லேசாக ஒரு தட்டு. அப்புறம் ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிரவைக்கிறது. அதுதான் அதன் பாட்டு. யாரும் சொல்லித்தராமலே இத்தனையும் வருகிறது.

இதற்குப் பின்னால் இருப்பது ‘ஃப்ரூட்லெஸ்’ என்ற மரபணு. ஆண், பெண் இரண்டிடமும் அது உண்டு. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகல் ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது. 2005இல் டெமிர், டிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பெண் ஈக்களில் அந்த நகலை ஆண் ஈயில் நடப்பதுபோல வெட்டி ஒட்டவைத்தார்கள். அந்தப் பெண் ஈக்கள் மற்ற பெண் ஈக்களைத் துரத்தித் தட்டி, சிறகை விரிக்கத் தொடங்கின. படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஜூன் 5

பாலூட்டிகளில் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு (1990இல் கண்டறியப்பட்டது) விந்தகத்தை உருவாக்குகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. அது கருவிலேயே மூளையைத் தொட்டுவிடுகிறது. 1959இல் கினிப்பன்றிகளில் செய்த சோதனையிலிருந்து, எல்லாம் ஹார்மோன் வேலைதான் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது.

பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் அடக்கப்படுகிறது என்று 1961இல் மரபியலாளர் மேரி லயன் சொன்னார். ஆனால் முழுதாக அடங்குவதில்லை. மனிதர்களில் எக்ஸ் மரபணுக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் தப்பித்து இரண்டு பிரதிகளிலிருந்தும் வேலை செய்கின்றன. அப்படியானால் ஹார்மோனைத் தள்ளிவைத்தாலும் மூளைச் செல்லில் வித்தியாசம் இருக்க வழி உண்டு.

ஜூன் 8

ஹார்மோனைத் தள்ளிவைத்து குரோமோசோமின் வேலையை மட்டும் எப்படிச் சோதிப்பது? எக்ஸ்ஒய் என்றால் விந்தகம், எக்ஸ்எக்ஸ் என்றால் சினைப்பை என்று இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகின்றனவே.

ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை அபாரமானது. ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் மரபணு இல்லாத சுண்டெலிகளை எடுத்து, அந்த மரபணுவைப் பாலினத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு குரோமோசோமில் வைத்தார்கள். இப்போது நான்கு வகை எலிகள் கிடைக்கும்: சினைப்பையோடும் விந்தகத்தோடும் எக்ஸ்எக்ஸ், அதேபோல இரண்டு விதமாகவும் எக்ஸ்ஒய். லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்தர் ஆர்னால்டின் ஆய்வுக்கூடம் இந்த எலிகளை வைத்து நிறையச் செய்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது 2007இல் வந்த பழக்க ஆய்வு. உணவுக்காக ஒரு செயலைச் செய்ய எலியைப் பழக்குகிறார்கள். பிறகு அந்த உணவே அதற்குப் பிடிக்காதபடி செய்துவிடுகிறார்கள். எக்ஸ்ஒய் எலிகள் அந்தச் செயலைக் குறைத்துக்கொண்டன. எக்ஸ்எக்ஸ் எலிகளோ விடாமல் தொடர்ந்தன. செயல் அதற்குள் அவற்றில் பழக்கமாகவே இறங்கிவிட்டிருந்தது. பிறந்தது விந்தகத்தோடா சினைப்பையோடா என்பது இதில் எடுபடவில்லை.

இந்த எலிகளின் ஒரு வம்சாவளியில், எக்ஸின் ஒரு துண்டு தானாகவே ஒய்யில் போய் ஒட்டிக்கொண்டிருப்பது அண்மையில் தெரியவந்திருக்கிறது. அதனால் பழைய முடிவுகள் சிலவற்றை மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். அந்தச் சிக்கலை வெளிப்படையாக எழுதி வெளியிட்டவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஜூன் 11

எம்சி1ஆர். தலைமுடி சிவப்பாவதற்குக் காரணமான மரபணு என்று பலருக்கும் தெரியும். வலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வலி ஆய்வாளர் ஜெஃப்ரி மோகிலின் குழு 2003இல் இதைக் காட்டியது. பென்டசோசின் என்ற வலிநிவாரணி, இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறுபட்டிருந்த பெண்களுக்கு, அதாவது செம்முடியும் வெளிர்தோலும் கொண்டவர்களுக்கு, மற்றப் பெண்களைவிட நன்றாக வலியைக் குறைத்தது. அதே மாறுபாடு கொண்ட ஆண்களிடம் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. எலிகளிலும் இப்படித்தான், பெண் எலிகளில் மட்டும்.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். பெண்ணிடம் வேறு மரபணு இருக்கிறது என்பதல்ல செய்தி. ஒரே மரபணு, ஒரே மாறுபாடு. ஒரு உடலில் அது வலியின் பாதையில் வந்து நிற்கிறது, இன்னொரு உடலில் அந்தப் பக்கமே வரவில்லை. ஆண்களை மட்டும் சோதித்திருந்தால் “இந்த மரபணுவுக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை” என்று எழுதி மூடியிருப்பார்கள்.

ஜூன் 12

அப்படி எத்தனை கோப்புகள் மூடப்பட்டனவோ என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. நரம்பியலில் ஒரே பாலின விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளை பீரி, சுக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள் (2011). பெண் விலங்குகளை மட்டும் வைத்த ஆய்வு 1 என்றால், ஆண்களை மட்டும் வைத்தவை 5.5. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி தரவைக் குழப்பும் என்பது சாக்கு. பெண் எலிகளின் தரவு ஆண் எலிகளுடையதைவிட அதிகமாகச் சிதறவில்லை என்று 2014இல் காட்டியாயிற்று.

ஜூன் 15

கூட வேலை செய்யும் தங்கை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அப்போ ஆண் மூளை, பெண் மூளைன்னு தனித்தனியாவே இருக்குன்னுதானே அர்த்தம்?”

இல்லை. 2020இல் 44 வகைத் திசுக்களை ஆராய்ந்தபோது, 37 சதவீத மரபணுக்கள் ஏதாவது ஒரு திசுவிலாவது ஆண், பெண் இடையே வேறு அளவில் செயல்பட்டன. ஆனால் அந்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை சிறியவை. நரம்பியலாளர் டாஃப்னா ஜோயலின் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தபோதும், முழுக்க ‘ஆண்தன்மை’ அல்லது முழுக்க ‘பெண்தன்மை’ கொண்டவை அரிதாகவே இருந்தன.

அவளுக்கு நான் காட்டியது சிஓஎம்டி மரபணு பற்றிய 2011 ஆய்வு. மூளையின் முன்பகுதியில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது உருவாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அந்த நொதியைத் தணிக்கிறது. இந்த மரபணுவின் மாறுபாட்டால் டோபமைன் இயல்பாகவே குறைவாக இருக்கும் வகைப் பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏறிய நாட்களில் நினைவில் வைத்துச் செய்யும் வேலை நன்றாக வந்தது. ஏற்கெனவே அதிகம் உள்ள வகையினருக்கு அதே நாட்களில் சறுக்கியது. எல்லாப் பெண்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஈஸ்ட்ரோஜனால் பாதிப்பே இல்லை என்று அட்டவணை சொல்லும்.