இறந்தவர்களுக்கும் ஒரு வேலை

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் சாவு விழுந்த பிள்ளைகள் இடைவேளையில் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பதுதான் என் வேலையிலேயே நான் அதிகம் யோசிக்கிற விஷயம்.

பெரும்பாலும் நான் எடுத்துக் கொடுப்பது கேப்ரியேல் செவின் எழுதி 2005இல் வந்த 'எல்ஸ்வேர்' நாவல். லிஸ் என்ற 15 வயதுப் பெண் சைக்கிளில் போகும்போது டாக்சி மோதி இறந்துபோகிறாள். கண் விழித்தால் கப்பலில் இருக்கிறாள். அது போய்ச் சேரும் ஊரில் எல்லோருக்கும் வயது குறைந்துகொண்டே வரும். கைக்குழந்தை ஆனதும் மறுபடி பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அவளை அழைத்துப்போக வருவது, அவள் பிறக்கும் முன்பே இறந்துபோன பாட்டி. அங்கே எல்லோருக்கும் மனசுக்குப் பிடித்த ஒரு வேலை உண்டு. இறந்து வந்து சேரும் நாய்களுக்கு ஊரைப் பழக்கிக் கொடுப்பது லிஸ்ஸின் வேலை.

எனக்குப் பிடித்தது அதுதான். நம் வீடுகளில் இறந்தவருக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. 16ஆம் நாள் காரியம், பிடித்த பலகாரம் வைத்துப் படையல், எல்லாம் உண்டு. ஆனால் ஆயா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று பிள்ளை கேட்டால், போய் விளையாடு என்கிறோம். இந்த நாவல் அந்தக் கேள்விக்கு முழுசாக உட்கார்ந்து பதில் சொல்கிறது.

அந்த ஊரில் காசு போட்டுப் பூமியைப் பார்க்கும் தொலைநோக்கிகள் உண்டு. லிஸ் தன் வீட்டாரைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அங்கேயே கிடப்பாள். ஆயாவை இழந்த ஒரு மாணவி அந்த இடத்தில் விரல் வைத்தபடி என் மேசைக்கு வந்தாள். "நானும் இப்படித்தான் ஆன்ட்டி. ஆயா வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பினதை ராத்திரி எல்லாம் கேட்கிறேன்." அதுவரை அவள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

ஒரு தாத்தா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவரே வந்தார். "சாவு வீட்டுக்குள்ள இது எதுக்கும்மா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2000 மார்ச் 24 அன்று இதே சாட்ஸ்வொர்த்தில் ஓர் இரவு விடுதியில் கண்ணீர்ப்புகை கிளம்பி, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சின்ன வயசுச் சாவைக் கதையாகக்கூடப் படிக்க முடியாதவர்கள் இங்கே உண்டு. அவரை நான் வற்புறுத்தவில்லை. காரியம் முடியும்வரை எந்தப் பிள்ளைக்கும் நானாக இதைக் கொடுப்பதும் இல்லை.

வாசிப்பு வட்டத்தில் இதை எடுத்தபோது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறுபிறப்பு புதிதாகத் தெரியவில்லை. ஆனால் சிவபுராணத்தில் பிறந்து பிறந்து களைத்துப்போகிறது உயிர். இங்கே பிறப்பது ஒரு பரிசு. அந்த வித்தியாசத்தை ஒரு பெண் பிடித்துவிட்டாள். அப்புறம் ஒரு ஜூலு பையன் எழுந்து, தங்கள் வீட்டில் இறந்தவர் எங்கேயும் தூரமாகப் போய்விடுவதில்லை, ஒரு வருஷம் போல ஆனதும் 'உகுபுயிசா' சடங்கு செய்து அவரை வீட்டுக்கு அழைத்து வருவோம் என்றான். "லிஸ்ஸை ஏன் யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை?" என்று கேட்டான். வகுப்பில் யாரிடமும் பதில் இல்லை.

அவன் சொன்னது சரி. போனவர்களுக்கு இவ்வளவு வேலை கொடுத்த நாவல், இருப்பவர்கள் கையில் அதிகம் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் புத்தகம் திரும்பி வரும்போது, "உங்க வீட்டில் என்னென்ன செய்தீங்க?" என்று கேட்கிறேன். பெரியவர்கள் விளையாடப் போகச் சொன்ன பிள்ளைகள்தான், படையலில் என்ன வைத்தார்கள், யார் அழுதார்கள், யார் அழவில்லை என்பதுவரை ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள்.