லாத்விய எதிர்மறை: 'நௌ' வந்தால் வேற்றுமை மாறும்

லாத்விய மொழியில் ஒன்று இல்லை என்று சொல்லும்போது பெயர்ச்சொல்லை ஆறாம் வேற்றுமைக்கு மாற்றும் பழக்கம் ஒருவழியாக என் நாக்கில் படிந்துவிட்டது. "மன் இர் லைக்ஸ்" என்றால் எனக்கு நேரம் இருக்கிறது. அதன் எதிர்மறை "மன் நௌ லைக்க". முதல் வேற்றுமையிலுள்ள 'லைக்ஸ்' அங்கே நிற்காது. விதி ஒரே வரிதான் என்றாலும், பேச்சின் வேகத்தில் ஈற்றை மாற்றி உச்சரிப்பது எளிதாக வரவில்லை என்பதால், இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

வினைச்சொற்களின் எதிர்மறையில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் காலமானாலும் எந்த இடமானாலும் வினையின் முன்னால் 'நெ' ஒட்டிக்கொள்கிறது: 'ருனாயு' பேசுகிறேன், 'நெருனாயு' பேசவில்லை. இருத்தல் வினையின் படர்க்கை நிகழ்காலமான 'இர்' மட்டும் இந்த வழிக்கு வராமல் 'நௌ' ஆகிறது. எழுத்தில் அதன் இறுதியில் வகர மெய் இருந்தாலும் காதில் விழுவது 'நௌ'தான்.

ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்ட பாடநூல்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "நெவியென்ஸ் நெக்குவோ நெஸின" (யாருக்கும் எதுவும் தெரியாது) என்னும் வாக்கியத்தில் எதிர்மறை மூன்று இடங்களில் அடுக்கி வருவது, இரட்டை எதிர்மறை பிழை என்று பள்ளியில் கற்ற ஆங்கில வாசகரைத் திடுக்கிட வைக்கும் என்பதால், நான் பார்த்த நூல்கள் அதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிவிட்டு, வேற்றுமை மாற்றத்தை ஓரத்துக் கட்டம் ஒன்றில் முடித்துவிடுகின்றன. அடுக்கு எதிர்மறையோ ஒருமுறை கேட்டால் பிடிபட்டுவிடும். 'நெவியென்ஸ்' என்பதில் மட்டும் அழுத்தம், இம்மொழியின் வழக்கத்துக்கு மாறாக, இரண்டாம் அசையில் விழும் என்று குறித்துக்கொண்டால் போதும்.

வேற்றுமை எப்போது மாறும், எப்போது மாறாது என்பதே உண்மையான சிக்கல். "வின்ஷ் நௌ ஆர்ஸ்ட்ஸ்" என்றால் அவர் மருத்துவர் அல்லர். இங்கே மருத்துவர் முதல் வேற்றுமையிலேயே இருக்கிறார். "த்ஸியெமா நௌ ஆர்ஸ்ட" என்றால் ஊரில் மருத்துவர் இல்லை. இங்கே ஆறாம் வேற்றுமை. நூல்கள் இதை விளக்கப் படும் பாடு தமிழருக்குத் தேவையே இல்லை. செம்மையாக எழுதும்போது 'அல்ல', 'அல்லர்' வரும் இடத்தில் பெயர் மாறாது, 'இல்லை' வரும் இடத்தில் மாறும் என்று வைத்துக்கொண்டதிலிருந்து எனக்கு இதில் தடுமாற்றம் இல்லை. உடைமையைச் சொல்லும்போது உடையவர் நான்காம் வேற்றுமையில் வருவதும் நமக்கு வீட்டுப் பழக்கம்தான். 'மன்' என்பது அப்படியே 'எனக்கு'.

ஈறுகளில்தான் கண்ணி இருக்கிறது. 'மாஸ' என்றால் சகோதரி. "மன் இர் மாஸஸ்" என்றால் எனக்குச் சகோதரிகள் இருக்கிறார்கள். "மன் நௌ மாஸஸ்" என்றால் எனக்குச் சகோதரி இல்லை. ஒரே 'மாஸஸ்' முன்னதில் பன்மை எழுவாய், பின்னதில் ஒருமை ஆறாம் வேற்றுமை. பன்மையில் இல்லை என்று சொல்ல 'மாஸு' வேண்டும். சகோதரனைக் குறிக்கும் 'ப்ராலிஸ்' என்ற சொல்லோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒருமையிலேயே மெய்யொலி மென்மையாகி 'ப்ரால்ய' ஆகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட பயிற்சி சமையலறைப் பட்டியல்தான்: 'மைஸெஸ் நௌ' (ரொட்டி இல்லை), 'பியென நௌ' (பால் இல்லை). தண்ணீரும் உப்பும் கருணையுள்ளவை. 'ஊதென்ஸ்', 'ஸால்ஸ்' இரண்டும் ஆறாம் வேற்றுமையிலும் அப்படியே இருக்கின்றன.

ஈறுகளைச் சரிபார்க்க நான் நம்பியிருப்பது லாத்வியப் பல்கலைக்கழகக் கணித, கணினி நிறுவனத்தார் இணையத்தில் இலவசமாக நடத்தும் 'தேஸௌர்ஸ்' அகராதி. பெயர்ச்சொல்லைத் தட்டினால் வேற்றுமை அட்டவணையும் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அட்டைகளைவிட எனக்கு உதவியது அதுதான்.

பன்மை ஈறுகள் இன்னும் பாதியில் நிற்கின்றன. 'உப்பெ' (நதி) பன்மை ஆறாம் வேற்றுமையில் 'உப்யு' ஆகிறது, 'ஸிவ்ஸ்' (மீன்) 'ஸிவ்யு' ஆகிறது. ஆனால் மீனின் வகுப்பையே சேர்ந்த கண்ணும் காதும் இப்படி மென்மையாகாமல் 'அத்ஸு', 'அவுஸு' என்று நிற்கின்றன. இதை முடிக்காமலேயே கட்டாய வினைக்குத் தாவிவிட்டேன், ஏனெனில் அது சுவையானது. "மன் நௌ யாஇயெத்" என்றால் நான் போக வேண்டியதில்லை என்று மட்டுமே பொருள். போகக் கூடாது என்று தடுக்க 'நெத்ரீக்ஸ்ட்' என்ற வேறு வினை வேண்டும். ஆங்கிலத்தின் வழியே மொழிபெயர்த்துப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. இறந்தகால 'நெபிய', எதிர்கால 'நெபூஸ்' ஆகியவற்றுக்குப் பின்னும் அதே ஆறாம் வேற்றுமைதான் வருகிறது என்பதால், அடுத்த பட்டியலை நேற்று தீர்ந்த பொருள்கள், நாளை கிடைக்காத பொருள்கள் என்று பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.