சிப் இருக்கு, பதில் இல்லை

காட்பாடியில் ஒரு மாடி அறைதான் எங்கள் பட்டறை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றுக்காக, கழிவுநீரின் பிஎச் அளவைப் பதிந்து வைக்கும் பெட்டி செய்துகொண்டிருந்தோம். லினக்ஸ் ஓடும் போர்டு, அளவுகளைச் சேமிக்க விண்பாண்ட் 32 மெகாபிட் ஃபிளாஷ் சிப், இரண்டும் பேசிக்கொள்ள நடுவே எஸ்பிஐ (SPI) இணைப்பு. வங்கி இல்லை, நாலு கம்பி. வீட்டில் சொன்னால் "பாஸ்புக் போட்டுட்டு வந்துடு" என்கிறார்கள்.

'நீ யார்?' என்று கேட்கும் 9எஃப் கட்டளையை அனுப்பினால் அந்தச் சிப் ஈஎஃப் 40 16 என்று தன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். வந்ததோ மூன்று எஃப்எஃப். கம்பியில் யாருமே பேசவில்லை என்று அர்த்தம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்களே, அந்த வரிசையில் எங்கள் சிப்பும் சேர்ந்தது.

சால்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண். பேச்சின் வேகத்தை நிர்ணயிக்கும் க்ளாக்கை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியும் அதே கதை. கடைசியில், கம்பிகளில் ஓடும் சிக்னலைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டினோம். திரையைப் பார்த்த தம்பிதான் கேட்டான்: "இன்னாண்ணா, நடுவுல ஏறி எறங்குது?"

ஏறி இறங்கியது சிப் செலக்ட் கம்பி, 'உன்னோடுதான் பேசுகிறேன்' என்று சிப்புக்குச் சொல்வது. கட்டளை தொடங்கி பதில் முடியும்வரை அதன் வோல்டேஜ் தாழ்ந்தே இருக்க வேண்டும். இங்கே எட்டாவது க்ளாக் துடிப்பு, அதாவது கட்டளை, முடிந்ததும் ஒரு கணம் மேலே போய்த் திரும்பியது. அது ஏறினால் பேச்சு முடிந்தது என்றுதான் சிப் எடுத்துக்கொள்ளும்.

தப்பு என்னுடையது. சிப்போடு பேசும் நிரலான டிரைவரில் எல்லா டிரான்ஸ்ஃபருக்கும் (ஒவ்வொரு அனுப்பல், பெறலுக்கும்) சிஎஸ்-சேஞ்ச் கொடியை, அதாவது சிப் செலக்ட் கம்பிக்கான அமைப்பை, 1 என்று வைத்திருந்தேன். நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபரில் வைத்தால் கம்பியை ஏற்றி இறக்கும். அடையாளம் கேட்கும் இடத்தில் மட்டும் எடுத்தேன். ஈஎஃப் 40 16 வந்துவிட்டது. டீ சொன்னோம்.

டீ வருவதற்குள் அடுத்த வம்பு. எழுதினால் எதுவும் பதியவில்லை. எழுத அனுமதி கேட்கும் 06 கட்டளைக்குப் பின் கம்பி மேலே ஏறினால்தான் சிப் அதை ஏற்கும். ஆனால் அதே கொடி கடைசி டிரான்ஸ்ஃபரில் இருந்தால் நேர் எதிராக, கம்பியை ஏறவிடாமல் தாழ்த்தியே பிடித்துக்கொள்ளும். 06 தனி ஆள், அவனேதான் கடைசி. அடுத்து போன, சிப்பின் நிலையைக் கேட்கும் 05 கட்டளையும் அதே மூச்சில் ஒட்டிக்கொண்டு போய், இரண்டுமே கெட்டன. ஒரே கொடிக்கு இரண்டு அர்த்தம் வைத்தவரைக் கும்பிட வேண்டும்!

எல்லா இடத்திலும் நீக்கினேன். 256 பைட் பக்கம் ஒன்றை எழுதி முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வந்ததும் படித்துப் பார்த்தோம். 256-உம் இருந்தன.